‘ம்’ நின்ற இடம்

தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பேர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. பொருத்தமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. போனை எடுத்தாலே “ரேடியோ பேசுறேன்” என்றுதான் ஆரம்பிப்பாள். எதிர்முனையில் இருப்பவருக்கு அதற்கப்புறம் பேச வாய்ப்புக் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அவள் நடத்துவது முடி வெட்டும் கடை. ஆண், பெண், குழந்தை யார் வந்தாலும் சரி. இரண்டே நாற்காலி. ஜன்னலோரம் இருப்பது ரேடியோவுடையது. சுவரோரம் இருப்பது நாத்தனாருடையது, அதாவது அவள் வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனார் சாயம் போடுவதில் கெட்டிக்காரி, பேச்சில் மகா சிக்கனம். பதினோரு வருஷமாக அண்ணியும் நாத்தனாரும் கையில் கத்தரியோடு ஒரே அறையில் நின்று, ஒருத்தி முடியை இன்னொருத்தி பிடிக்காமல் இருந்ததே பெரிய சாதனை என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள்.

அந்தச் சாதனைக்கு ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆபத்து வந்துவிட்டது. முடியைப் பிடிக்கவில்லை, பேச்சு நின்றுவிட்டது. “சாயம் தீர்ந்துபோச்சுன்னு பக்கத்துல சொல்லிடுங்க” என்று நாத்தனார் தன் நாற்காலியில் இருக்கும் அம்மாளிடம் சொல்வாள். தலை முழுக்கச் சாயத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் இரண்டடி தள்ளி நிற்கிற ரேடியோவிடம் திரும்பி, “சாயம் தீர்ந்துபோச்சாம்” என்பாள். “நாளைக்கு வருதுன்னு சொல்லுங்க” என்பாள் ரேடியோ. அந்த அம்மாள் மறுபடி இந்தப் பக்கம் திரும்ப, சாயம் காதில் வழியும். அந்த ஐந்து வாரத்தில் தெருவில் பல பேருக்குக் காது கறுத்துக் கிடந்தது.

காரணம், கடையின் சேமிப்பு. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. அதை எடுத்து மூன்றாவது நாற்காலி போட வேண்டும் என்பது ரேடியோவின் பல வருஷத் திட்டம். அதற்காகச் சேர்த்ததையெல்லாம் ஒரு முதலீட்டு ஃபண்டில், இரண்டு பேர் பெயரிலும் போட்டிருந்தாள். அந்த ஃபண்டை நடத்துகிற மேனேஜர் அவளுடைய வாடிக்கையாளரேதான். மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். குரல் வெளியே வராத, சாதுவான மனுஷர்.

அறையின் சொந்தக்காரர் “சரி, எடுத்துக்கோங்க” என்றதும் இரண்டு பேரும் பணத்தை எடுக்கப் போனார்கள். ஃபண்டு அலுவலகத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “நீங்க வரிசையில இருக்கீங்க மேடம். ஒண்ணரை வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம்” என்றாள். ஆறு மாதமாகவே இந்த வரிசை நிற்கிறதாம். நிறைய பேர் ஒரே சமயத்தில் பணத்தைக் கேட்டுவிட்டார்கள், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ரேடியோ இருந்ததிலேயே பெரிய தொகையைக் கொண்டுபோய்க் கட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

திரும்பி வரும் வழியில் நாத்தனார் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “அடுத்த மாசம் முடிஞ்சதும் ஒண்ணாம் தேதியிலேர்ந்து நான் அந்தப் பெரிய பார்லருக்கு வேலைக்குப் போயிடறேன் அண்ணி.” அதோடு வாயை மூடியவள்தான்.

பணம் மாட்டிக்கொண்டதைவிட அதுதான் ரேடியோவுக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பணம் என்றைக்காவது வரும். நாத்தனார் போனால் போனதுதான். மூன்றாவது நாற்காலிக்கு ஆசைப்பட்டவளுக்கு இரண்டாவதும் காலியாகப் போகிறது. பணம் திரும்பி வந்துவிட்டால் அவள் கோபம் ஆறிவிடும், போகமாட்டாள் என்று ரேடியோ ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் யாரும் குறுக்கே நிற்க முடியாது. அவள் வீட்டுக்காரர் அந்த முயற்சியைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது.

சின்னப் புகார்களை உடனுக்குடன் விசாரிக்கிற நுகர்வோர் மன்றம் ஒன்று அஞ்சலகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. புகாரை வாங்குகிற எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“அந்த மேனேஜர் உங்ககிட்ட என்ன பொய் சொன்னாரு?”

“ஒண்ணுமே சொல்லலை.”

“ஒண்ணுமே சொல்லாததுக்கு எப்படிம்மா கேஸ் போடறது?”

“அதாங்க கேஸே! கேட்டேன், ஒண்ணுமே சொல்லலை!”

எழுத்தர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். சாட்சி உண்டா என்று கேட்டார். ரேடியோ தயங்கினாள். அவள் தயங்குவதைப் பார்த்தவர்கள் குறைவு. அந்த எழுத்தருக்குத் தான் எப்பேர்ப்பட்ட காட்சியைப் பார்த்தோம் என்று தெரியாது. கடைசியில் நாத்தனாரின் பெயரைச் சொன்னாள்.

அழைப்பாணை கடைக்கே வந்தது. நாத்தனார் பிரித்துப் படித்தாள், மடித்தாள், ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ரேடியோ, மறுநாள் கல்யாணம் வைத்திருந்த ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதாவை மொத்தமாக எடுத்துவிட்டாள். சமன் செய்ய மறுபக்கத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது விசாரணை. நீளமான மேசை, அதற்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். ரேடியோவுக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது தலைதான். நடுவில் இருந்த தலைவி அம்மாளுக்கு வகிட்டில் இரண்டு விரல் அகலம் நரை எட்டிப் பார்த்தது. இடப்பக்க உறுப்பினருக்குச் சீவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எதிர்வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் பின்கழுத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பகீர் என்றது. இந்த ஐந்து வாரத்தில் வேறு எங்கோ போய் வெட்டிக்கொண்டிருக்கிறார். படிக்கட்டு மாதிரி இருந்தது. எந்தப் பாவி இப்படிக் கைவைத்தான் என்று எதிரியின் மேலேயே இரக்கம் வந்துவிட்டது.

நாத்தனார் தனியாக வேறு பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ரேடியோ திரும்பிப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்த்தாள். வந்தவள் யாருக்காக வந்திருக்கிறாள் என்று ரேடியோவுக்குத் தெரியவில்லை.

“இவர் முடி வெட்டிக்க வந்த அந்தச் சனிக்கிழமை என்ன கேட்டீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க” என்றார் தலைவி.

“‘சார், பணத்தை எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்தானே? பெரிசா ஒரு தொகை போடலாம்னு இருக்கேன்’னு கேட்டேங்க.”

“அவர் என்ன சொன்னாரு?”

“வாயே திறக்கலை. தப்பா இருந்தா மனுஷன் சொல்லியிருப்பாரேன்னு திங்கக்கிழமை கொண்டுபோய்க் கட்டிட்டேன். எங்க தொழில்ல அப்படித்தாங்க. ‘இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா’ன்னு கேப்போம். வேணாம்னா உடனே கத்துவாங்க. சும்மா இருந்தா குறைச்சிருவோம்.”

“குறைச்சப்புறம் ஐயோன்னு சொன்னா?” என்று கேட்டார் இடப்பக்க உறுப்பினர். அவர் கை தன்னையறியாமல் தலைக்குப் போயிருந்தது.

“அதுக்கப்புறம் ஒட்டவைக்க முடியாதுங்களே.”

ஃபண்டின் வக்கீல் எழுந்தார். இளைஞர், துடிப்பானவர், கழுத்தில் பவுடர் போட்டுத் துடைக்காமல் வந்திருந்தார். “‘தானே’ன்னு முடிச்சா அது கேள்வியே இல்லீங்க. அவங்களே முடிவு பண்ணிட்டு வந்து சொல்றது. ‘இன்னிக்கு சனிக்கிழமைதானே’ன்னா யாரு உக்காந்து பதில் சொல்லிட்டிருப்பாங்க? அதோட, என் கட்சிக்காரர் காதுகிட்ட கத்தரி இருந்தது. தலையை ஆட்டியிருந்தா காது போயிருக்கும்.”

“கத்தரியை எப்பவோ கீழ வச்சாச்சு!” ரேடியோ குதித்தாள். “பிரஷ்ஷால கழுத்தைத் தட்டிட்டிருந்தேன். பிரஷ்ஷுக்கு பயந்தா ஊமையாயிட்டாரு?”

வக்கீல் சிரிக்கவில்லை. அடுத்து அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. முடி வெட்டுகிற இடத்தில் ஒருத்தருக்கு மட்டும் மேனேஜர் உள்விஷயத்தைச் சொல்லிவிட்டால், மற்ற ஆயிரக்கணக்கான பேருக்கு அது அநியாயம். கேட்டவர் மட்டும் உஷாராகிவிடுவார், மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் பணம் எடுப்பதைப் பற்றித் தனியாக யாரிடமும் பேசக்கூடாது என்று நிறுவனத்தில் விதி இருக்கிறது. பொய் சொன்னால் சட்டம் தண்டிக்கட்டும். விதிப்படி பேசாமல் இருந்தவரை எந்தச் சட்டம் தண்டிக்கும்?

கேட்கக் கேட்க ரேடியோவுக்கே நியாயமாகப் பட்டது. அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். மாதாமாதம் ஃபண்டு எல்லோருக்கும் அனுப்புகிற கடிதம். தடித்த நல்ல தாள். சாயக் கிண்ணத்துக்கு அடியில் போட வாகாக இருக்கும் என்று கடையில் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் கிண்ணத்தின் அடிப்பாகம் வட்டமாகப் பதிந்திருந்தது.

“பழைய கடிதம் எல்லாத்துலயும் கடைசி வரி இதுங்க. ‘உங்கள் பணத்தை எந்த வேலை நாளிலும் திரும்பப் பெறலாம்.’ கடைசியா வந்த ஏழு கடிதத்துல அந்த வரி இல்லை. மத்ததெல்லாம் இருக்கு. எவ்வளவு வளர்ந்துச்சு, எங்க கட்டடம் எழும்புது, சிரிச்ச முகமா நாலு போட்டோ, எல்லாம் இருக்கு. அந்த ஒரு வரி மட்டும் சத்தமில்லாம எறங்கிப் போயிருக்கு.”

“பொய்யாயிடக் கூடாதுன்னுதானே எடுத்தோம்! நேர்மையா இருந்ததுக்குத் தண்டனையா?” என்றார் வக்கீல்.

“அப்ப பொய்யாயிடும்னு தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சதைச் சொல்லாம வரியை மட்டும் எடுத்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? இருக்கறதைப் படிப்போம். இல்லாததை யாருங்க படிப்பா?”

தலைவி பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். வக்கீல் ஒரு கடிதத்தை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார். “கறை படிஞ்ச ஆவணம்.”

“கறை எங்களோடது. எழுத்து உங்களோடது.”

“சரி. இதையெல்லாம் நீங்க படிச்சீங்களா, இல்லை கிண்ணம் மட்டும்தான் படிச்சதா?”

 பொய் சொல்ல ரேடியோவுக்கு வராது. “ஆரம்பத்துல ரெண்டு மூணு படிச்சேங்க. அப்புறம் படிக்கலை.”

“ஆக, கடிதத்தை நம்பி இவங்க பணம் போடலை. சனிக்கிழமை மௌனத்தை நம்பித்தான் போட்டதா சொல்றாங்க. என் கட்சிக்காரர் கேள்வியைக் கவனிக்கவே இல்லைன்னு நான் சொல்றேன். அவர் கவனிச்சாருன்னு சொல்ல சாட்சி யாரு?”

கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. நாத்தனார் எழுந்து முன்னால் வந்தாள்.

“நீங்க பக்கத்து நாற்காலியில வேலை பாத்துட்டிருந்தீங்க” என்று ஆரம்பித்தார் வக்கீல். “ஒருத்தர் பேசாம இருந்ததை நீங்க எப்படிம்மா கேட்டீங்க?”

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நாத்தனார் சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்தாள்.

“எங்க அண்ணி வாயைத் திறந்தா நிறுத்த மாட்டாங்க. நாற்காலியில உக்காந்தவங்க ‘ம்’ போட்டுட்டே இருப்பாங்க. வேற வழி கிடையாதுங்க. அன்னிக்கு இந்த சாரும் ‘ம்’ போட்டுட்டுதான் இருந்தாரு. மழையே காணோம்னாங்க. ம். பஸ்ல நிக்க இடமில்லைன்னாங்க. ம். எங்க அண்ணனுக்கு சர்க்கரை ஏறிப்போச்சுன்னாங்க. ம். எனக்கு அந்த ‘ம்’மைக் கேட்டுகிட்டே சாயம் கலக்கிப் பழக்கம். எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்தானேன்னு கேட்டாங்க. ‘ம்’ நின்னுபோச்சு. என்னடான்னு நிமிர்ந்து கண்ணாடியில பாத்தேன். சாரும் கண்ணாடியில என்னைப் பாத்தாரு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பதினோரு வருஷத்தில் நாத்தனார் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

தலைவி மேனேஜரைப் பார்த்தார். “ஏன் கண்ணை மூடிக்கிட்டீங்க?”

மேனேஜர் எழுந்தார். வக்கீல் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. ஆனாலும் அவர் பேசினார். “‘ம்’னு சொல்லியிருந்தா பொய். ‘இல்லை’ன்னு சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்.”

“‘இதைப் பத்தி நான் பேசக்கூடாது, அலுவலகத்துல எழுதிக் கேளுங்க’ன்னு சொல்லியிருக்கலாமே? அதுல யாருக்கும் அநியாயம் இல்லையே? அவங்களும் ரெண்டு நாள் யோசிச்சிருப்பாங்களே?”

“சொல்லியிருக்கலாம்” என்றார் மேனேஜர். காது சிவந்துவிட்டது. “யோசிச்சு வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க.”

இது உண்மை என்பது ரேடியோவுக்கே தெரியும். அவள் தரையைப் பார்த்தாள்.

வக்கீல் விடவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினார். “‘ம்’ நின்னதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு.”

“உங்க அண்ணிகிட்ட சொன்னீங்களா?”

“இல்லை.”

“திங்கக்கிழமை நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க. தெரிஞ்சே போட்டிருக்கீங்க. ஏன்?”

நாத்தனார் தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் சாயம் ஏறியிருந்தது.

“அந்தச் சனிக்கிழமை காலையில, சார் வர்றதுக்கு முன்னாடி, கடை நிறைய ஆளுங்க. நான் வேற ஏதோ சொல்ல வந்தேன். அண்ணி எல்லார் முன்னாடியும் ‘உனக்கு ஒண்ணும் தெரியாது, வாயை மூடிட்டு வேலையைப் பாரு’ன்னாங்க. அதான், வாயை மூடிட்டு வேலையைப் பாத்தேன். கையெழுத்தையும் வாயை மூடிட்டே போட்டேன். ஆனா அது தப்புங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். இந்த அஞ்சு வாரமா நான் பேசாம இருக்கறது அண்ணி மேல கோபத்துல இல்லை. அவங்க மூஞ்சியைப் பாக்க முடியலை. வேற கடைக்குப் போறேன்னு சொன்னதும் அதுக்குத்தான்.”

ரேடியோவுக்கு அந்தக் காலை ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தான் சொல்லியிருக்கிறோம், அது தனக்கு நினைவிலேயே இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை வீசுகிறவளுக்கு எது யார் மேல் விழுந்தது என்று எப்படித் தெரியும்? மற்றவள் அந்த ஒன்றை நாலு மாதமாகச் சுமந்திருக்கிறாள்.

“அப்ப நீங்களும்தானே பேசாம இருந்து ஏமாத்தியிருக்கீங்க?” என்றார் வக்கீல் வெற்றிக் களிப்போடு.

“ஆமாங்க. ஏமாத்தியிருக்கேன். ஆனா பணத்தைப் பாத்துக்கறதுக்குன்னு அண்ணி எனக்கு மாசாமாசம் கட்டணம் கட்டலையே. இவருக்குத்தானே கட்டறாங்க.”

இடப்பக்க உறுப்பினர் இருமுவது போல நடித்து வாயை மூடிக்கொண்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பேரும் உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து வந்தார்கள். தலைவி எழுதியதைப் படித்தார். பேசாமல் இருப்பதெல்லாம் ஏமாற்று ஆகிவிடாது என்று ஆரம்பித்தார். ரேடியோவின் உயிர் பாதி போய்விட்டது. ஆனால் அடுத்த வாக்கியமும் இருந்தது. ஒருவர் நம்மை நம்பிப் பணம் கொடுத்திருக்கிறார். இதுவரை நாமே ஒன்றைச் சொல்லி வந்திருக்கிறோம். அது மாறிவிட்டது என்று நமக்குத் தெரியும். நேருக்கு நேர் கேட்கவும் செய்கிறார். இத்தனையும் சேர்ந்த இடத்தில், மாறியிருந்தால் சொல்லுவார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வதும் ஒரு பதில்தான், அதுவும் தவறான பதில். ‘தவறான எண்ணத்தை உண்டாக்கும் நடத்தை’ என்று சட்டம் சொல்வது வாயால் செய்வதை மட்டும் அல்ல. ஒருவரிடம் மட்டும் சொல்வது அநியாயம் என்பது சரிதான். அதற்கு வழி எல்லோரிடமும் சொல்வது, யாரிடமும் சொல்லாமல் இருப்பதல்ல. அந்த ஏழு கடிதங்கள் வந்த காலத்தில் ரேடியோ கட்டியதை முப்பது நாளில் திருப்பித் தர வேண்டும். பணம் வரிசையில் நிற்கிறது என்பதை, வரியை எடுத்த அதே இடத்தில், எல்லோருக்கும் எழுத வேண்டும்.

“புகார்தாரர் ஏதாவது சொல்லணுமா?” என்று தலைவி வழக்கப்படி கேட்டார். கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது போல, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரேடியோ எழுந்தாள். மேசைப் பக்கம் பார்க்கவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“நான் சொன்னது தப்பு. எனக்கு ஞாபகம்கூட இல்லை, அது அதைவிடத் தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் கேக்கறேன். என்னை மன்னிச்சிடு.” அப்புறம் எழுத்தரைப் பார்த்து, “இதையும் எழுதிக்கோங்க” என்றாள்.

“அது இந்த மன்றத்தோட அதிகாரத்துல வராதும்மா” என்றார் எழுத்தர்.

“மன்னிச்சிட்டேன்னும் சேர்த்து எழுதிக்கோங்க” என்றாள் நாத்தனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

எழுத்தர் தலைவியைப் பார்த்தார். தலைவி தலையசைத்தார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

படியிறங்கும்போது மேனேஜர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். ரேடியோ நின்றாள். “சனிக்கிழமை வாங்க சார். அந்தப் பின்கழுத்தைச் சரி பண்ணணும். என்னால பாக்க முடியலை” என்றாள். அவர் நம்ப முடியாமல் பார்த்தார். “நிஜமாத்தான். ஆனா இனிமே நான் கேட்டா பதில் வேணும்.”

“சரிங்க” என்றார் அவர் தெளிவாக, காது கேட்கும்படி.

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். ரேடியோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பணம் வந்ததும் முதல் வேலையா அந்த அறையை எடுத்துடணும். மூணாவது நாற்காலியை எந்தப் பக்கம் போடறதுன்னா...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். நிறுத்துவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குகிற மாதிரி.

“உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். “நாற்காலி வேணாம் அண்ணி. தலை கழுவ ஒரு நல்ல தொட்டி வேணும். பின்னால சாஞ்சு உக்கார்ற மாதிரி. வெந்நீர் வரணும். குனிஞ்சு குனிஞ்சு கழுவி எனக்கு இடுப்பே போச்சு.”

“எத்தனை நாளா?”

“ஆறு வருஷமா.”

“ஆறு வருஷமா! ஏண்டி சொல்லலை?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. கோபப்படவும் வழியில்லாமல் சிரிப்பு வந்தது. “சரி, இப்பக் கேக்கறேன். வேற என்ன வேணும்?”

வேறு என்ன வேண்டும் என்பதற்கு நாத்தனாரிடம் பதினோரு வருஷச் சரக்கு இருந்தது. சாயம் வாங்குகிற இடத்தை மாற்ற வேண்டும், இப்போது வருவது தண்ணீராக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு வேண்டும். டவல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்க வேண்டும், இருப்பதில் துடைத்தால் முடி திரும்ப ஒட்டிக்கொள்கிறது. ஜன்னலோர நாற்காலியை வாரத்தில் மூன்று நாள் தனக்கு விட வேண்டும், சுவரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவள் இவ்வளவு நன்றாகப் பேசுவாளா! இறங்க வேண்டிய இடம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

“ஒண்ணாம் தேதி?” ரேடியோ கடைசியில் பயந்து பயந்து கேட்டாள். இதை மட்டும் அவள் இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்தாள். “அந்தப் பெரிய பார்லர்...”

“வரலைன்னு நேத்தே அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன் அண்ணி.”

“நேத்தா? கேஸுக்கு முன்னாடியேவா? பணம் வரலைன்னா?”

“வரலைன்னா வரலை. அதுக்காகப் போயிடுவேனா?”

ரேடியோ நாத்தனாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, எல்லோரும் இறங்கியாயிற்றா என்று திரும்பிப் பார்த்தார். இரண்டு பெண்கள் மட்டும் நடு இருக்கையில் உட்கார்ந்து, ஒருத்தி அழுதுகொண்டும் ஒருத்தி சிரித்துக்கொண்டும், எந்தக் கடையில் தொட்டி வாங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.